மெய்நிகர் கணினியில் மெயில் சர்வர் மந்தமானால் தவிர்க்க வேண்டிய தவறுகள்

போஸ்ட்ஃபிக்ஸ் என்ற மெயில் சர்வர் மென்பொருள் ஓடும் மெய்நிகர் கணினியில் அஞ்சல் தாமதமாகிறது என்ற புகார் வந்தவுடன், பலரும் முதலில் சிபியுவையும் ரேமையும் கூட்டிவிடுகிறார்கள். தாமதம் எந்தக் கட்டத்தில் நேர்கிறது என்று பார்க்காமல் செய்யும் இந்த ஒதுக்கீடு பெரும்பாலும் வீண். ஹோஸ்டில், அதாவது மெய்நிகர் கணினிகளைத் தாங்கும் அசல் கணினியில், ஏற்கெனவே நெரிசல் இருந்தால், கூடுதல் சிபியுக்களுக்கு அதன் கோர் கிடைக்கும்வரை காத்திருக்க நேர்ந்து, நிலைமை முன்னிலும் மோசமாகலாம்.

பார்க்க வேண்டிய இடம் லாக், அதாவது போஸ்ட்ஃபிக்ஸின் பதிவேடு. அனுப்பப்படும் ஒவ்வொரு அஞ்சலுக்கும் ‘டிலேஸ்’ என்ற பெயரில் நான்கு எண்கள் அதில் பதிவாகின்றன: அஞ்சல் வரிசையை நிர்வகிக்கும் கியூ மேனேஜரை அடையும் முன் கழிந்த நேரம்; அதனுள் காத்திருந்த நேரம்; டிஎன்எஸ் (முகவரி தேடல்), டிஎல்எஸ் (மறையாக்கம்) உட்பட இணைப்பு ஏற்பட ஆன நேரம்; அஞ்சலை அனுப்பி முடிக்க ஆன நேரம். மூன்றாவது எண் திரும்பத் திரும்ப 30-ஐ ஒட்டி நின்றால், இணைப்புக்கான இயல்புநிலைக் காலக்கெடுவான 30 விநாடி வீணாகிறது என்று ஊகிக்கலாம். ஐபிவி6 என்ற புதிய தலைமுறை இணைய முகவரி இருந்தும், அதன் வழியே வெளியே செல்ல வழியில்லாத சர்வர்களில் இது நேர்வதுண்டு. இதற்கு ரேம் மருந்தல்ல.

முதல் எண் பெரிதாக இருந்தால் டிஸ்க்கையும் ஸ்பேம் வடிகட்டியையும் சந்தேகிக்க வேண்டும். போஸ்ட்ஃபிக்ஸ் ஒவ்வோர் அஞ்சலையும் டிஸ்க்கில் உறுதியாக எழுதிய பிறகே ‘250’ (பெற்றுக்கொண்டேன்) என்று பதில் சொல்வதால், இங்கே முக்கியமானது சிறிதளவு தரவை எழுதி முடிக்க ஆகும் நேரமே. ஒரே பெரிய கோப்பை எழுதிப் பார்த்து, விநாடிக்கு இத்தனை எம்பி வருகிறது என்று திருப்தியடைவது ஏமாற்றும் சோதனை. ஐஓஸ்டாட் என்ற கட்டளை காட்டும் டிஸ்க் காத்திருப்பு நேரத்தையும், லினக்ஸின் மெய்நிகராக்க வசதியான கேவிஎம் என்றால் டாப் கட்டளையின் ‘எஸ்டி’ அளவையும் (சிபியுவுக்காக ஹோஸ்டிடம் காத்திருந்த நேரம்) பாருங்கள். விஎம்வேர் நிறுவனத்தின் மெய்நிகராக்க மென்பொருளில், பேக்கப்புக்காக எடுத்து மறந்துபோன ஸ்னாப்ஷாட் (ஒரு கணத்தின் நிலையைச் சேமித்த பதிவு) டிஸ்க்கை மந்தமாக்கும். ஒரே ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்க வேண்டாம் என்று அந்நிறுவனமே அறிவுறுத்துகிறது. கேவிஎம்மில் டிஸ்க் கேஷை, தரவு உண்மையில் டிஸ்க்கில் எழுதப்படும்வரை காத்திருக்காத ‘அன்சேஃப்’ முறைக்கு மாற்றினால் வேகம் கூடும் என்பது உண்மைதான். ஆனால் ஹோஸ்டின் மின்சாரம் போனால், பெற்றுக்கொண்டதாக நாம் உறுதியளித்த அஞ்சல்களும் சேர்ந்தே போய்விடும். அலுவலக அஞ்சலுக்கு இது கூடவே கூடாது.

அனுப்புநர் ஸ்பேமர்தானா என்று டிஎன்எஸ் மூலம் விசாரிக்கும் ஸ்பேம் பட்டியல்களைக் கூகுளின் பொது டிஎன்எஸ் சேவையான 8.8.8.8 வழியாகக் கேட்பதும் தவறு. இத்தகைய பட்டியல்களை வெளியிடும் ஸ்பேம்ஹாஸ் அமைப்பு, பொது ரிசால்வர்களின் (டிஎன்எஸ் கேள்விகளுக்கு விடை தேடித் தரும் சர்வர்கள்) கேள்விகளை ஏற்பதில்லை. சர்வரிலேயே அன்பவுண்ட் போன்ற சொந்த ரிசால்வர் ஒன்றை நிறுவிக்கொள்வது நல்லது.

தேங்கிய கியூவை (அஞ்சல் வரிசையை) அடிக்கடி ஃப்ளஷ் செய்வது, அதாவது எல்லாவற்றையும் உடனே மீண்டும் அனுப்பச் சொல்வது, எல்லாவற்றிலும் கெட்ட பழக்கம். மறுமுனை பதிலளிக்காததால் ஒதுக்கிவைக்கப்பட்ட அஞ்சல்கள் அனைத்தும் மீண்டும், இப்போது அனுப்பப்படும் அஞ்சல்களுக்கான ஆக்டிவ் கியூவுக்குள் புகுந்து, உடனே போயிருக்க வேண்டிய புதிய அஞ்சல்களின் வழியை அடைத்துவிடும்.