‘இயற்கை’ கொசு விரட்டி எண்ணெய்: தோலில் தடவும் முன் போட வேண்டிய கணக்கு

சிட்ரோனெல்லா என்ற வாசனைப்புல்லின் எண்ணெயை முதன்முதலில் தடவிக்கொண்டு மொட்டை மாடியில் உட்கார்ந்த அன்று எனக்கு ஒரு கொசுக்கடியும் இல்லை. அடுத்த ஒரு வாரம் பார்த்தவர்களிடமெல்லாம் அதன் பெருமையைப் பாடினேன். பிறகொரு நாள் தடவ மறந்துவிட்டேன். அன்றும் கடி இல்லை. இரண்டு நாளும் காற்று பலமாக அடித்திருக்கிறது, கொசுக்களால் அதை எதிர்த்துப் பறக்க முடியவில்லை, அவ்வளவுதான். எண்ணெய்க்குப் போய்ச் சேர்ந்த பெயர் காற்றுக்குச் சேர வேண்டியது.

நறுமண எண்ணெய் வேலை செய்யாது என்று சொல்ல வரவில்லை. பல எண்ணெய்கள் கொசுவை விரட்டத்தான் செய்கின்றன. எவ்வளவு நேரம், எவ்வளவு அடர்த்தியில், யார் தோலில் என்று கேட்கும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. அந்தக் கேள்விகளைப் படிப்படியாகப் பார்ப்போம்.

படி 1: எதற்காகத் தடவுகிறீர்கள்?

அரிப்பும் தொல்லையும் மட்டும்தான் பிரச்சினையா, அல்லது டெங்கு, மலேரியா பரவும் இடமா? தொல்லைக்காக என்றால் அரை மணி நேரம் காக்கும் எண்ணெயும் பயன்படும், அதன் வேகம் குறைந்ததும் மறுபடி தடவிக்கொள்ளலாம். நோய் பரவும் இடத்தில் ஒரே ஒரு கடி போதும், அதனால் அங்கே அளவுகோல் வேறு. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் பகலில் கடிக்கும், மலேரியாவைப் பரப்பும் அனாஃபிலிஸ் இரவில் கடிக்கும். மாலையில் மட்டும் தடவிக்கொண்டால் ஏடிஸிடமிருந்து தப்ப முடியாது.

படி 2: லேபிளின் முன்பக்கத்தை விட்டுவிட்டுப் பின்பக்கத்தைப் படியுங்கள்

‘இயற்கை’ என்ற சொல்லுக்கு மருந்தியலில் எந்த அர்த்தமும் இல்லை. பென்னிராயல் என்றொரு புதினா வகை உண்டு. தெள்ளுப்பூச்சியை விரட்டுவதில் அதற்கு அவ்வளவு பெயர், அதன் லத்தீன் பெயரே தெள்ளுப்பூச்சியைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது. நூறு சதவீதம் இயற்கைதான். ஆனால் அந்த எண்ணெயைக் குடித்தவர்கள் கல்லீரல் செயலிழந்து இறந்த பதிவுகள் இருக்கின்றன.

பின்பக்கத்தில் தேட வேண்டியவை: செயல்படும் பொருளின் பெயர், அது எத்தனை சதவீதம், தாவரத்தின் அறிவியல் பெயர், எத்தனை மணி நேரம் காக்கும், அரசுப் பதிவு எண். சதவீதமே போடாத பாட்டிலை நான் அப்படியே திரும்ப வைத்துவிடுவேன்.

பதிவு எண்ணில் ஒரு நுணுக்கம் உண்டு. அமெரிக்காவில் சிட்ரோனெல்லா, எலுமிச்சைப்புல், கிராம்பு, புதினா போன்ற சில எண்ணெய்களைக் கொண்ட பொருட்களை ‘மிகக் குறைந்த ஆபத்து’ என்று வகைப்படுத்தி, சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை பதிவிலிருந்து விலக்கு அளிக்கிறது. பதிவு இல்லை என்பதால், அவை கொசுவை விரட்டுமா என்று அந்த முகமை சோதித்துப் பார்ப்பதும் இல்லை. ஆகவே, சட்டப்படி விற்கிறார்கள் என்பதை வைத்து அது வேலை செய்யும் என்று முடிவுகட்டிவிடாதீர்கள்.

பெயர்க் குழப்பத்துக்கு எலுமிச்சை யூகலிப்டஸ்தான் நல்ல எடுத்துக்காட்டு. கொரிம்பியா சிட்ரியோடோரா என்ற மரத்தின் இலையை வடித்தால் கிடைக்கும் நறுமண எண்ணெயில் பெரும்பங்கு சிட்ரோனெல்லால். அது சீக்கிரம் ஆவியாகிவிடும். அதே எண்ணெயைப் பக்குவப்படுத்தி, பிஎம்டி என்ற பொருள் மிகுதியாக இருக்கும்படி மாற்றியது வேறொரு சரக்கு. பிஎம்டி மெதுவாகவே ஆவியாகும் என்பதால் பல மணி நேரம் காக்கும். அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் டீட், பிக்காரிடின் ஆகிய செயற்கை விரட்டிகளோடு சேர்த்துப் பரிந்துரைப்பது இந்தப் பக்குவப்படுத்திய வகையைத்தான். அரோமாதெரபிக்கு விற்கும் சின்ன பாட்டிலில் இருப்பது பெரும்பாலும் முதல் வகை. சாதாரண நீலகிரித் தைலம் இந்த இரண்டிலும் சேராது, அது வேறு மரத்தினுடையது.

வேப்பெண்ணெயையும் இந்தப் பட்டியலில் சேர்த்துப் பேசுகிறார்கள். அது விதையிலிருந்து பிழியும் எண்ணெய், வடித்தெடுக்கும் நறுமண எண்ணெய் அல்ல. கைக்குழந்தைகளுக்கு அதை உள்ளுக்குக் கொடுத்து வலிப்பு வரை போன நிகழ்வுகள் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

படி 3: ‘விரட்டுமா’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை நிமிடம்’ என்று கேளுங்கள்

விரட்டிகளைச் சோதிக்கும் வழக்கமான முறை எளிது. மருந்து தடவிய கையைப் பசியோடு இருக்கும் பெண் கொசுக்கள் அடைத்த கூண்டுக்குள் நீட்டி, முதல் கடி விழும்வரை நேரம் குறிப்பார்கள். அமெரிக்காவில் 15 பேரை வைத்து இப்படி நடந்து 2002-இல் வெளியான ஒரு ஆய்வில், 23.8 சதவீத டீட் சராசரியாக 301.5 நிமிடம் தாங்கியது. 2 சதவீத சோயா எண்ணெய் கலந்த பொருள் 94.6 நிமிடம். சிட்ரோனெல்லா கலந்தவை 20 நிமிடத்தைக்கூடத் தொடவில்லை. மருந்தில் ஊறிய கைப்பட்டைகள்? ஒரு நிமிடம்கூட இல்லை. குழந்தையின் மணிக்கட்டில் வண்ணப் பட்டை கட்டிவிட்டு நிம்மதியாக இருப்பவர்கள் இந்த ஒரு எண்ணை மட்டுமாவது நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

விளம்பரத்தில் ‘ஆய்வில் நிரூபிக்கப்பட்டது’ என்று இருந்தால் மூன்று கேள்விகள் போதும். எந்தக் கொசு? மனிதத் தோலிலா, கண்ணாடிக் குழாயிலா? எத்தனை சதவீதக் கலவை?

படி 4: சதவீதக் கணக்கு

இந்தப் பதிவில் ஒரே ஒரு படியை மட்டும் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

சொட்டின் அளவு பாட்டிலுக்குப் பாட்டில் மாறினாலும், ஏறத்தாழ 20 சொட்டு ஒரு மில்லி என்று வைத்துக்கொள்ளலாம். பெரியவர்களின் உடம்பில் தடவப் பொதுவாகச் சொல்லும் பாதுகாப்பான அளவு 2 சதவீதம். 30 மில்லி தேங்காய் எண்ணெயில் 12 சொட்டு. கிராம்பு எண்ணெய் இன்னும் காட்டமானது. அதற்கு வழங்கும் வரம்பு 0.5 சதவீதம்தான், அதாவது 3 சொட்டு.

இப்போது மறுபக்கம். 2005-இல் தாய்லாந்து ஆய்வாளர்கள் 38 நறுமண எண்ணெய்களை ஏடிஸ் கொசுவிடம் சோதித்து முடிவை வெளியிட்டார்கள். 10 சதவீதத்திலோ 50 சதவீதத்திலோ தடவியபோது ஒன்றுகூட இரண்டு மணி நேரம் முழுக்காவல் தரவில்லை. எதுவும் கலக்காமல் அப்படியே தடவியபோதுதான் கிராம்பு, சிட்ரோனெல்லா உள்ளிட்ட சில எண்ணெய்கள் அந்த எல்லையைத் தொட்டன.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தோல் தாங்கும் அளவில் கொசு போகாது. கொசு போகும் அளவைத் தோல் தாங்காது. வீட்டிலேயே கலக்கும் பெரும்பாலான ‘இயற்கை ஸ்ப்ரே’ குறிப்புகள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. தண்ணீரில் சொட்டுவிட்டுக் குலுக்கும் குறிப்புகள் இன்னும் மோசம். எண்ணெய் தண்ணீரில் கரையாமல் மேலே மிதக்கும், ஒரு அமுக்கில் வெறும் தண்ணீர் வரும், அடுத்ததில் கலக்காத எண்ணெய் வரும்.

படி 5: யாருக்குத் தடவப் போகிறீர்கள்?

இரண்டு மாதம் நிரம்பாத குழந்தைக்கு எந்த விரட்டியும் வேண்டாம், கொசுவலை போதும். எலுமிச்சை யூகலிப்டஸ், பிஎம்டி இரண்டும் மூன்று வயதுக்குள் கூடாது. கர்ப்பிணிகளும் ஆஸ்துமா, வலிப்பு உள்ளவர்களும் மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்கட்டும். நீலகிரித் தைலம், கற்பூரம் இரண்டும் குழந்தை வயிற்றுக்குள் போனால் வலிப்பு வரலாம். பாட்டில் கைக்கு எட்டாத உயரத்தில் இருக்க வேண்டும்.

வீட்டில் பூனை இருக்கிறதா? இந்த எண்ணெய்களில் உள்ள பல பொருட்களைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்குக் குறைவு. டீ ட்ரீ எண்ணெயைப் பூனை மேல் தடவவே கூடாது. எண்ணெய் வாசனையைக் காற்றில் பரப்பும் டிஃப்யூசர் வைத்தால் பூனை அறையைவிட்டு வெளியேறிப் போக வழி இருக்கட்டும்.

பெர்கமாட் போன்ற பிழிந்தெடுத்த சிட்ரஸ் எண்ணெய்களைத் தடவிக்கொண்டு வெயிலில் போனால் தோல் வெந்து கறுத்துவிடும். பகல் நேரத்துக்கு அவை வேண்டாம்.

படி 6: முழங்கை மடிப்பில் ஒரு சோதனை

தடவப் போகும் அதே கலவையை முழங்கையின் உள்மடிப்பில் ஒரு காசு அளவு தடவி 48 மணி நேரம் பாருங்கள். சிவப்பு, அரிப்பு, கொப்புளம் எது வந்தாலும் கழுவிவிட்டு அதை மறந்துவிடுங்கள். இன்று ஒத்துக்கொண்டது ஆறு மாதம் கழித்தும் ஒத்துக்கொள்ளும் என்று இல்லை. இந்த எண்ணெய்களில் இருக்கும் லிமோனீன், லினலூல் போன்ற பொருட்கள் காற்றுப் பட்டுப் பழசாகும்போது ஒவ்வாமையைத் தூண்டும் பொருட்களாக மாறுகின்றன. திறந்த தேதியைப் பாட்டிலிலேயே எழுதி, இருண்ட குளிர்ந்த இடத்தில் இறுக மூடி வையுங்கள்.

படி 7: நேரம் குறிக்கும் சோதனை

நோய் பரவும் காலத்தில் இதைச் செய்ய வேண்டாம். மற்ற நாட்களில் ஒரு நோட்டும் கடிகாரமும் போதும். மின்விசிறியை நிறுத்துங்கள். ஒரு காலில் மட்டும் தடவி, மற்றதை வெறுமனே விடுங்கள். கொசு வந்து உட்காரும்போதே தட்டிவிட்டு, எந்தக் காலில், எத்தனையாவது நிமிடம் என்று எழுதுங்கள். வெறும் காலில் ஒன்றுகூட உட்காரவில்லை என்றால் அன்றைய சோதனை செல்லாது, அன்று கொசுவே இல்லை என்று பொருள். என் மொட்டை மாடிப் பெருமை உடைந்தது இப்படித்தான்.

குறைந்தது மூன்று நாள், ஒவ்வொரு நாளும் எண்ணெய் தடவும் காலை மாற்றிச் செய்யுங்கள். மூன்றிலும் குறைவான நிமிடம் எதுவோ, அதற்குக் கொஞ்சம் முன்னதாகவே மறுபடி தடவ வேண்டும். என் நோட்டில் 10 சதவீத சிட்ரோனெல்லாவுக்கு எழுதியிருப்பது 25, 40, 20. அதனால் மாடியில் இருபது நிமிடம் செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது மட்டும், கணுக்காலில் மட்டும் அதைத் தடவுகிறேன். அதைவிட நீண்ட நேரம் உட்கார வேண்டுமென்றால் முழுக்கால்சட்டை போட்டுக்கொண்டு, பிக்காரிடின் தடவிக்கொண்டு போகிறேன்.