கட்டடத்தைக் கண்காணிக்கும் உணரி வலையமைப்பைப் பழுது தாங்கும் வகையில் அமைத்தல்

கான்கிரீட் சட்டகம் பல பத்தாண்டுகள் நிற்கக்கூடியது. அதன்மேல் ஒட்டப்படும் திரிபுமானியின் (பரப்பு நீள்வதையும் சுருங்குவதையும் அளக்கும் உணரியின்) பசையோ, இணைக்கும் கம்பியோ, மின்கலமோ அவ்வளவு காலம் தாங்குவதில்லை. ஆகவே உணரிகள் பழுதாகும் என்பதை முதலிலேயே ஏற்றுக்கொண்டு, அந்தப் பழுது கட்டடத்தின் சேதமாகத் தோன்றாமலும், கட்டடத்தின் உண்மையான சேதத்தை மறைத்துவிடாமலும் இருக்கும்படி வலையமைப்பைத் திட்டமிட வேண்டும். இவ்விரண்டில் இரண்டாவதே ஆபத்தானது என்பதால், ஐயம் எழும் இடங்களிலெல்லாம் அதைத் தவிர்க்கும் பக்கமே சாய்வது நல்லது.

எதை அளக்கப் போகிறோம் என்பதைத் தெளிவாக்கிக்கொண்டு தொடங்குங்கள். ஒரு கட்டடத்தின் அடிப்படை அலைவுக் காலம் (ஒருமுறை ஆடி முடிக்க ஆகும் நேரம்), தோராயமாக மாடி ஒன்றுக்கு 0.1 வினாடி என்று கணக்கிடப்படுகிறது. எனவே பத்து மாடிக் கட்டடம் ஏறத்தாழ 1 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில் அசையும். அதிர்வெண் விறைப்பின் (உருமாற்றத்தை எதிர்க்கும் தன்மையின்) வர்க்கமூலத்தைப் பொறுத்து மாறுவதால், மொத்த விறைப்பு 10 சதவீதம் குறைந்தால் அதிர்வெண் 5 சதவீத அளவுக்கே இறங்கும். இந்தச் சிறிய மாற்றத்தைத்தான் நாம் தேடுகிறோம். ஆனால் வெப்பநிலை, மழை, காற்று ஆகியவையும் அதிர்வெண்ணை மாற்றுகின்றன. அமெரிக்காவின் கால்டெக் கல்வி நிறுவனத்தில், முன்னர் மில்லிகன் நூலகம் என்று அழைக்கப்பட்ட கட்டடத்தில் நீண்டகாலம் எடுக்கப்பட்ட அளவீடுகள் இதைத் தெளிவாகக் காட்டியுள்ளன. ஆகையால் அசைவை அளக்கும் முடுக்கமானிகளுடன் வெப்பநிலை உணரிகளையும் பொருத்தி, எல்லாப் பருவங்களும் அடங்கும்படி குறைந்தது ஓராண்டுக்கால அளவீடுகளைச் சேர்த்த பின்னரே எச்சரிக்கை வரம்புகளை உறுதிசெய்ய வேண்டும்.

அடுத்தது, உணரிகளை எங்கே வைப்பது என்பது. தளப்பலகை தன் தளத்தில் வளையாமல் ஒரே துண்டாக நகர்கிறது என்று கொண்டால், அதன் கிடைமட்ட அசைவை அறிய மூன்று அளவீடுகள் போதும்: ஒரு திசையில் எதிரெதிர் ஓரங்களில் இரண்டு, அதற்குச் செங்குத்தான திசையில் ஒன்று. அந்தக் குறுக்குத் திசையிலும் எதிரெதிர் ஓரங்களில் இரண்டாக ஆக்கி நான்காகப் பொருத்தினால், எந்த ஒன்று மௌனமானாலும் மீதி மூன்றைக் கொண்டு அசைவைக் கணக்கிடலாம். நான்கும் இயங்கும்போது தளத்தின் முறுக்கம் இரு வழிகளில் கிடைக்கும். இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால் ஏதோ ஓர் உணரி தவறுகிறது என்று பொருள். எது தவறுகிறது என்பதை மேல், கீழ்த் தளங்களின் அளவீடுகளோடு ஒப்பிட்டே கண்டறிய முடியும். சீரான கட்டடத்தில் இரண்டாம் அதிர்வு முறையின் (அடிப்படை அசைவுக்கு அடுத்த அதிர்வு வடிவத்தின்) அசையாப் புள்ளி உயரத்தின் மூன்றில் இரண்டு பங்கு அளவில் அமைவதால், உச்சித் தளத்துக்கு அடுத்த உணரித் தொகுதியை அந்த மட்டத்தில் வைக்காதீர்கள்.

கூடுதல் உணரிகளைப் பொருத்திவிட்டாலே பாதுகாப்பு வந்துவிடாது. நான்கு உணரிகளும் ஒரே கம்பிக் குழாய் வழியாக ஒரே மின்வழங்கியில் இணைந்திருந்தால், ஒரு துண்டிப்பு நான்கையும் அணைத்துவிடும். அண்டை உணரிகளை வெவ்வேறு கம்பித் தடங்களிலும், வெவ்வேறு சேகரிப்புக் கணுக்களிலும் (உணரிகளின் தரவைத் திரட்டும் சாதனங்களிலும்) மாறி மாறி இணைக்கவும். நிலநடுக்கத்தின்போது மின்சாரமும் கைப்பேசி வலையும் சேர்ந்தே அறுந்துபோகக்கூடும். அளவீடு மிகவும் தேவைப்படும் நேரமும் அதுதான். எனவே ஒவ்வொரு கணுவுக்கும் தனி மின்கலமும், வலை மீளும் வரை தரவைத் தாங்கும் உள்நினைவகமும் கட்டாயம் வேண்டும்.

கம்பியில்லா இணைப்பில் ஒவ்வொரு தாவலும் (தரவு ஒரு கணுவிலிருந்து அடுத்ததற்குச் செல்வது) தரவை இழக்க வாய்ப்பளிக்கிறது. கோல்டன் கேட் பாலத்தில் ஆய்வாளர்கள் நிறுவிய 64 கணுக்கள் கொண்ட வலையமைப்பில் தரவு 46 தாவல்கள் வரை கடக்க வேண்டியிருந்தது. தாவலுக்கு 99 சதவீத வெற்றி என்று வைத்துக்கொண்டாலும், 46 தாவல்களுக்குப் பின் எஞ்சுவது சுமார் 63 சதவீதமே. தரவுப் பொதிகளுக்கு வரிசை எண் இட்டு, ஒவ்வொரு தாவலிலும் ஒப்புகை பெற்று, தவறியதை மீண்டும் அனுப்பச் செய்யுங்கள். அப்படியும் வராத இடத்தைச் சுழியத்தால் நிரப்பாதீர்கள். விடுபட்டது என்றே குறித்துவையுங்கள்.

நேர ஒத்திசைவும் இதே அளவு முக்கியமானது. 20 பிபிஎம் (பத்து லட்சத்தில் 20 பங்கு) பிழையுள்ள படிகக் கடிகாரம் ஒரு மணி நேரத்தில் 72 மில்லிவினாடி விலகும்; 5 ஹெர்ட்ஸ் அதிர்வில் அது ஏறத்தாழ 130 பாகைக் கட்டப்பிழை (ஒரு முழு அலைவு 360 பாகை). அந்நிலையில் அதிர்வு முறையின் வடிவமே சிதைந்து, நல்ல கட்டடம்கூடச் சேதமடைந்ததாகத் தோன்றும். கடிகாரங்களைத் தொடர்ந்து திருத்துவதோடு, தலைமைக் கடிகாரம் நின்றால் மற்றொரு கணு அப்பொறுப்பை ஏற்கவும் வழிசெய்ய வேண்டும்.

இனி, பழுதையும் சேதத்தையும் பிரித்தறிதல். உணரிப் பழுது பொதுவாக ஒரே மதிப்பில் உறைதல், மெல்ல விலகுதல், இரைச்சல் பெருகுதல், மதிப்பு திடீரெனத் தாவுதல், முழு மௌனம் என வெளிப்படும். நிலையான முடுக்கத்தையும் அளக்கும் முடுக்கமானியின் செங்குத்து அச்சு எப்போதும் புவியீர்ப்பைக் காட்டவேண்டும் என்பதால் அதைத் தினமும் சரிபார்க்கலாம். திரிபுமானியை அதன் மின்சுற்றில் தெரிந்த மின்தடை ஒன்றை இணைத்துச் சோதிக்கலாம். உணரிப் பழுது பெரும்பாலும் ஓர் உணரியின் அளவீட்டை மட்டும் அண்டை உணரிகளின் அளவீடுகளிலிருந்து பிரிக்கும். விறைப்பு குறைந்தாலோ பல உணரிகளின் அளவீடுகளுக்கிடையிலான உறவே மாறும். ஆனால் இந்த விதிக்கு ஒரு விலக்கு உண்டு: ஒரு தூணின் அடியில் விழும் விரிசலை அங்குள்ள ஒரே திரிபுமானி மட்டும் உணரக்கூடும். ஆகவே முக்கியமான இணைப்புகளில் திரிபுமானிகளை இரட்டையாக ஒட்டவும். தனித்து விலகும் அளவீட்டை மென்பொருள் தானாக நீக்க விடாமல், அதை ஐயத்துக்குரியது என்று குறித்து, பொறியாளர் ஒருவர் நேரில் பார்த்த பின்னரே ஒதுக்கவும். ஒவ்வொரு கணுவும் குறித்த இடைவெளியில் ‘இயங்குகிறேன்’ என்னும் உயிர்க்குறிப்பு அனுப்பட்டும். அது வராத தளம் கண்காணிப்புத் திரையில் பச்சையாகத் தெரியக்கூடாது.

இயக்கத்தைத் தொடங்குமுன், வேண்டுமென்றே பழுதை உண்டாக்கிப் பாருங்கள். ஒரு கம்பியைக் கழற்றுங்கள், சேகரிப்புக் கணு ஒன்றின் மின்சாரத்தை நிறுத்துங்கள், ஓர் உணரியைச் சற்றே சாய்த்து வையுங்கள், கடிகாரம் ஒன்றைத் தள்ளி வையுங்கள். ஒவ்வொன்றுக்கும் வலையமைப்பு சரியான பழுதைச் சரியான இடத்தில் அறிவிக்கிறதா என்று எழுதிவைத்து, உணரி அல்லது மென்பொருள் மாற்றப்படும் ஒவ்வொரு முறையும் அதே சோதனைகளை மீண்டும் நடத்துங்கள்.