நொச்சி இலை கிருமியைத் தடுக்கிறதா? தட்டில் சோதித்துப் பார்க்கும் முறை

சேலத்தில் ஒரு கல்லூரி நுண்ணுயிரியல் ஆய்வகத்தில் செய்முறை உதவியாளராக இருக்கிறேன். ப்ராஜெக்ட் காலம் வந்தால் மாணவர்கள் ஏற்காட்டிலிருந்து பை நிறைய இலை கொண்டுவருவார்கள். நொச்சி, ஆடாதோடை, குப்பைமேனி என்று ஏதாவது இருக்கும். அவர்களுக்குச் சொல்வதைத்தான் இங்கே எழுதுகிறேன். கிருமி தேய்த்த தட்டில் குழி வெட்டி இலைச்சாற்றை விட வேண்டும், சாறு கிருமியைத் தடுத்தால் குழியைச் சுற்றிக் கிருமி வளராத தெளிந்த வட்டம் தெரியும்.

இலையைப் பறிக்கும்போதே பூவோ காயோ உள்ள ஒரு கிளையையும் சேர்த்து அழுத்தி உலர்த்தி வையுங்கள். செடி எது என்று உறுதி செய்ய அதுதான் சான்று. கோவை வேளாண் பல்கலைக்கழக வளாகத்தில் உள்ள இந்தியத் தாவரவியல் ஆய்வு மையத்தில் அடையாளம் கண்டு சான்றிதழ் தருவார்கள்.

கழுவிய இலையை நிழலில்தான் காயவைக்க வேண்டும். ஆனால் ஏற்காட்டு மூடுபனியில் இலை காய்வதற்குள் கறுத்துப் பூஞ்சை பிடித்துவிடும். அப்புறம் நீங்கள் சோதிப்பது இலையையா, பூஞ்சையையா என்றே தெரியாது. அன்றைக்கே கீழே கொண்டுவந்து சேலத்து வெயில் அடிக்கும் மாடியறையில், நேர் வெயில் படாமல் பரப்புங்கள். விரலால் நசுக்கினால் சரசரவென்று பொடியாக வேண்டும்.

10 கிராம் பொடிக்கு 100 மி.லி. மெத்தனால் ஊற்றி மூடி, அவ்வப்போது குலுக்கி இரண்டு மூன்று நாள் ஊறவையுங்கள். வாட்மேன் 1 தாளில் வடிகட்டி, 40 டிகிரியில் மெத்தனால் முழுக்கப் போகும்வரை வற்றவிடுங்கள். பக்கத்தில் தீ கூடாது. மிஞ்சும் பசையில் 100 மி.கி. எடுத்து, 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ. (பசையைக் கரைக்கும் திரவம்) 1 மி.லி.யில் கரையுங்கள். டி.எம்.எஸ்.ஓ.வை நீர்க்காமல் பயன்படுத்தினால் அதுவே கிருமியைத் தடுக்கும்.

கிருமி வளர்க்கும் ஊடகம் முல்லர் ஹின்டன் அகர், லிட்டர் தண்ணீருக்கு 38 கிராம். 121 டிகிரியில் 15 நிமிடம் ஆட்டோகிளேவ் (அழுத்த நீராவியில் கிருமி நீக்கும் கருவி) செய்ய வேண்டும். சேலத்தில் அழுத்தமானி முள் 15 பவுண்டில் நின்றால் போதும். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரம், காற்றழுத்தம் குறைவு. அங்கே அதே 15 பவுண்டில் வெப்பம் 118 டிகிரி அளவுக்குத்தான் ஏறும். மலைமேல் செய்பவர்கள் அழுத்தமானியை விட்டுவிட்டு வெப்பமானியைப் பாருங்கள். அகர் 4 மி.மீ. கனத்துக்கு வரும்படி ஊற்றுங்கள், 90 மி.மீ. தட்டுக்கு 25 மி.லி. ஆகும்.

கிருமிக்கு ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் ஒன்று, ஈ.கோலி ஒன்று. ஈ.கோலிக்கு வெளிச்சவ்வு உண்டு, அதனால் பெரும்பாலும் இலைச்சாறு அதனிடம் திணறும். இதை வீட்டில் செய்யாதீர்கள், ஆய்வகமும் வழிகாட்டியும் வேண்டும். உப்புநீரில் கலக்கிய கிருமியின் கலங்கல் 0.5 மெக்ஃபார்லண்ட் என்ற கலங்கல் அளவுகோலோடு ஒத்துப்போக வேண்டும். அந்த அளவுகோலை நீங்களே செய்யலாம்: 1 சதவீதக் கந்தக அமிலம் 9.95 மி.லி., 1 சதவீத பேரியம் குளோரைடு 0.05 மி.லி. ஸ்வாபை (பஞ்சு சுற்றிய குச்சி) கிருமிக் கலங்கலில் நனைத்து, குழாய்ச் சுவரில் அழுத்திப் பிழிந்து, தட்டைத் திருப்பித் திருப்பி மூன்று திசையிலும் தேயுங்கள்.

6 மி.மீ. கார்க் போரரால் (வட்டமாக வெட்டும் குழாய்) அகரில் குழி வெட்டி, அடியில் உருகிய அகர் ஒரு சொட்டு விடுங்கள். இதை நிறையப் பேர் செய்வதில்லை. செய்யாவிட்டால் சாறு அகருக்கு அடியில் பரவி, வட்டம் கோணலாக வரும். ஒரு குழியில் சாறு 50 மைக்ரோலிட்டர், இன்னொன்றில் வெறும் 10 சதவீத டி.எம்.எஸ்.ஓ., கூடவே ஒப்பிட, 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் (கிருமிக்கொல்லி மருந்து) உள்ள வட்டத்தாள். ஒவ்வொன்றையும் மூன்று தட்டில் வையுங்கள். அரைமணி நேரம் அப்படியே விட்டு, பிறகு 37 டிகிரியில் ஒரு இரவு, 18 முதல் 24 மணி நேரம்.

காலையில் முதலில் டி.எம்.எஸ்.ஓ. குழியைப் பாருங்கள். அதைச் சுற்றித் தெளிந்த வட்டம் இருந்தால் அந்தத் தட்டில் இலையைப் பற்றி எதுவும் சொல்ல முடியாது. நொச்சிச் சாறு கரும்பச்சை. குழியைச் சுற்றி அகரே பச்சையாகிவிடும், அதை வட்டம் என்று எண்ணி அளந்துவிடுவார்கள். தட்டைக் கவிழ்த்து கறுப்புத் துணிமேல் பிடித்து, பக்கவாட்டில் வெளிச்சம் விழச் செய்யுங்கள். கிருமி வளர்ந்த இடம் மங்கலாகப் பாசி படர்ந்ததுபோல் தெரியும். அது நிற்கும் இடத்திலிருந்து எதிர்ப்பக்கம் வரை, குழியையும் சேர்த்து, மி.மீ.யில் அளவெடுங்கள்.

வட்டம் ஜென்டாமைசின் அளவுக்கு வந்தால் மாணவர்கள் குதிப்பார்கள். கணக்குப் போடுங்கள்: குழியில் போனது 5 மி.கி. பசை, தாளில் இருப்பது 10 மைக்ரோகிராம் மருந்து. 500 மடங்கு வித்தியாசம். வேறு வேறு இலைகளின் வட்டங்களை ஒப்பிடுவதிலும் கவனம் வேண்டும், எளிதில் பரவாத பொருள் வலுவானதாக இருந்தும் சின்ன வட்டமே காட்டும். நிஜமாக ஒப்பிட வேண்டுமானால் சாற்றைப் படிப்படியாக நீர்த்து, கிருமி வளராத குறைந்தபட்ச அளவைக் கண்டுபிடியுங்கள்.

வேலை முடிந்த தட்டுகளைத் திறக்காமல் ஆட்டோகிளேவ் பையில் போட்டு, 121 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே குப்பைக்கு அனுப்புங்கள். கழுவும் தொட்டியில் விட்டுப் போகாதீர்கள். காலையில் அதை வெறுங்கையால் எடுப்பது துப்புரவுக்கு வரும் அக்காதான்.