டீபக் கெர்னல் போட்டும் கிராஷ் பிடிபடவில்லையா?

சர்வர் ராத்திரி இரண்டு மணிக்கு விழுகிறது. காலையில் ரீபூட் செய்தால் நன்றாக ஓடுகிறது, மூன்று நாள் கழித்து மறுபடி விழுகிறது. லாகில் ஒன்றுமே இல்லை. இந்தக் கட்டத்தில் யாராவது "டீபக் கெர்னல் போட்டுப் பாருங்க" என்பார்கள். இயங்குதளத்தின் மையமான கெர்னலையே கூடுதல் சோதனைகளோடு தயாரித்த வடிவம்தான் அது. யோசனை சரிதான். லினக்ஸில் அதைப் போடும்போதுதான் ஆளாளுக்குக் கோட்டை விடுகிறோம்.

முதல் குழப்பம் பெயரிலேயே இருக்கிறது. ஃபெடோரா, ரெட் ஹாட் குடும்பத்தில் 'கெர்னல்-டீபக்' என்று ஒரு பேக்கேஜ், 'கெர்னல்-டீபக்இன்ஃபோ' என்று இன்னொன்று. முன்னது, நினைவகத்தையும் லாக்குகளையும் (ஒரே தரவை இருவர் ஒரே நேரத்தில் தொடாமல் காக்கும் பூட்டுகள்) ஓடும்போதே சோதிக்கும் வசதிகளோடு கம்பைல் செய்த தனிக் கெர்னல்; அதில் பூட் செய்யலாம். பின்னதில் பூட் செய்ய முடியாது. எந்த முகவரி எந்த ஃபங்ஷன், எந்த வரி என்று சொல்லும் அகராதி மட்டும்தான் அது. விழுந்த சர்வரின் டம்ப் ஃபைல் (விழுந்த நேரத்து நினைவகத்தின் நகல்) ஏற்கெனவே கையில் இருந்தால் உங்களுக்கு வேண்டியது இந்த அகராதிதான். டீபக் கெர்னலே விழுந்துவிட்டால் அதற்கான அகராதி 'கெர்னல்-டீபக்-டீபக்இன்ஃபோ'. பெயர் வைத்தவருக்கு இரக்கமே இல்லை! எதுவானாலும், விழுந்த கெர்னலின் வெர்ஷனும் அகராதியின் வெர்ஷனும் கடைசி எண் வரை ஒன்றாக இருக்க வேண்டும். பொருந்தாத அகராதியை வைத்துப் படித்தால் சம்பந்தமே இல்லாத ஃபங்ஷன் மேல் பழி விழும்.

அடுத்தது, டம்ப் எடுக்கும் ஏற்பாட்டைச் சோதிக்காமல் விடுவது. அந்த ஏற்பாடான கே-டம்ப் எப்படி வேலை செய்கிறது என்றால், பூட் ஆகும்போதே கொஞ்சம் மெமரியை ஒதுக்கி அதில் இரண்டாவது கெர்னல் ஒன்றை வைத்திருக்கும். முதல் கெர்னல் விழுந்ததும் இது எழுந்து, விழுந்ததன் நினைவகத்தை 'விஎம்கோர்' ஃபைலாகச் சேமிக்கும். ஒரு வாடிக்கையாளர் இடத்தில் ஒன்பது நாள் காத்திருந்தேன். கிராஷும் வந்தது, ஆனால் ஃபைலைப் பார்த்தால் காலி. இரண்டாவது கெர்னலும் டீபக் கெர்னலாக இருந்ததால், ஒதுக்கியிருந்த 256 எம்பி அதற்குப் போதாமல் எழுந்த வேகத்தில் அதுவும் விழுந்திருக்கிறது. இரண்டாவதாகச் சாதாரண கெர்னலை வைத்திருந்தாலே போதும். இப்போதெல்லாம், யாரும் வேலை செய்யாத நேரம் பார்த்து சிஸ்ஆர்க்யூ (கெர்னலுக்கு நேரடியாகக் கட்டளை தரும் வழி) வழியாக நானே ஒரு முறை கெர்னலை விழவைத்து, ஃபைல் முழுசாக வருகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்.

அப்புறம், எல்லோரும் விழும் பெரிய குழி ஒன்று உண்டு: கிராஷ் எந்த ஃபங்ஷனில் நடந்ததோ அதையே குற்றவாளி என்று முடிவு கட்டுவது. கெர்னல் தன் பிழையை அறிவிக்கும் ஊப்ஸ் செய்தியில் மெமரி ஒதுக்கும் ஃபங்ஷன் பெயர் வந்திருக்கிறது என்று வையுங்கள். அந்த நிரல் கோடிக்கணக்கான தடவை ஓடித் தேறியது, அதில் பிழை இருக்கும் வாய்ப்பு குறைவு. பெரும்பாலும் நடந்தது இதுதான்: ஏதோ ஒரு டிரைவர், தான் விடுவித்துவிட்ட மெமரியில் பிறகு எழுதியிருக்கிறது. அங்கே இருந்த அடுத்த காலி இடத்தின் முகவரி கெட்டுப்போகிறது. பத்து நிமிடம் கழித்து மெமரி கேட்டு வந்த அப்பாவி அதில் கால் வைத்து விழுகிறான்.

டீபக் கெர்னலில் இருக்கும் கேசான் என்ற மெமரிப் பிழை கண்டுபிடிப்பான் இங்கேதான் கைகொடுக்கும். தப்பாக எழுதிய அந்த நொடியிலேயே அது கத்தும். கூடவே மூன்று ஸ்டாக் (எந்த ஃபங்ஷன் எதை அழைத்தது என்ற வரிசை) தரும்: இப்போது தொட்டது யார், முதலில் ஒதுக்கியது யார், விடுவித்தது யார். பலர் முதல் ஸ்டாக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். விடை பெரும்பாலும் மூன்றாவதில் இருக்கும். செய்தியில் வரும் ரெஜிஸ்டர்களையும் (சிபியு அப்போது கையில் வைத்திருந்த மதிப்புகள்) ஒரு பார்வை பாருங்கள். '6பி6பி6பி6பி' என்று வரிசையாகத் தெரிந்தால், விடுவித்த மெமரியில் கெர்னலே பூசிவைத்த விஷம் அது. 'டெட்' என்று தொடங்கும் முகவரி தெரிந்தால், பட்டியலிலிருந்து நீக்கிய ஒன்றை யாரோ மறுபடி தொட்டிருக்கிறார்கள்.

கடைசிச் செய்தியை மட்டும் படிப்பதும் தவறு. திரையில் நிற்பது கடைசி ஊப்ஸ், நமக்கு வேண்டியது முதலாவது. ஊப்ஸில் வரும் 'டெயின்டட்' வரியில் 'டி' (D) இருந்தால் இதற்கு முன்பே ஒரு ஊப்ஸ் நடந்திருக்கிறது. 'டபிள்யூ' இருந்தால் எச்சரிக்கை வந்திருக்கிறது. லாக்குகளின் வரிசையைச் சோதிக்கும் லாக்டெப் முதல் புகாரோடு தன்னை அணைத்துக்கொள்ளும். கேசானும் வழக்கமான அமைப்பில் முதல் புகாரை மட்டுமே சொல்லும். ஆகவே, பூட் ஆகும்போது வந்த ஒரு சின்னப் புகாரை "அது எப்பவும் வர்றதுதான்" என்று தள்ளிவிட்டால், அதற்குப் பின் கண்காணிப்பே இல்லை.

டீபக் கெர்னலில் கிராஷ் வரவே இல்லை என்றால் சரியாகிவிட்டது என்று நினைக்காதீர்கள். கேசான் மெமரியில் எட்டில் ஒரு பங்கை எடுத்துக்கொண்டு வேகத்தையும் நன்றாகக் குறைக்கும். இரண்டு சிபியு நூலிழை இடைவெளியில் மோதுவதால் வரும் கிராஷ், வேகம் குறைந்ததும் மறைந்துவிடும். அப்போது சாதாரண கெர்னலுக்கே திரும்பி, 2021இல் 5.12 கெர்னலில் வந்த கேஃபென்ஸை இயக்கிப் பார்க்கலாம். அது சில ஒதுக்கீடுகளை மட்டும் பொறுக்கிச் சோதிப்பதால் சுமை மிகக் குறைவு, ஆனால் சிக்க நாளாகும். சந்தேகம் ஒரே ஒரு ஸ்லாப் கேஷ் (ஒரே வகைப் பொருள்களுக்காகக் கெர்னல் வைத்திருக்கும் மெமரித் தொகுப்பு) மீது என்றால், ஸ்லப்-டீபக் அமைப்பை அதற்கு மட்டும் போடலாம்.

ரேம் பழுதை மறந்துவிட்டு மென்பொருளையே நோண்டுவதும் நடக்கிறது. ஒவ்வொரு கிராஷும் ஒவ்வொரு இடத்தில், ஒரு ஒற்றுமையும் இல்லாமல் வந்தால் முதலில் ஓர் இரவு ரேமைச் சோதிக்கும் மெம்டெஸ்ட் ஓடட்டும். மூல நிரல் தராத டிரைவர்கள் டீபக் கெர்னலில் ஏறாமலும் போகலாம். அந்த டிரைவர் இல்லாததால்தான் கிராஷ் நின்றதோ என்று யோசியுங்கள்.

விஎம்கோரை யாருக்காவது அனுப்பும் முன் ஒரு நிமிடம். அது நினைவகத்தின் நகல், பாஸ்வேர்டும் சாவிகளும் அதற்குள் இருக்கலாம். டம்பைச் சுருக்கும் கருவியான மேக்டம்ப்ஃபைலில் பயனர் பக்கங்களை (பயனர் நிரல்களின் நினைவகம்) வடிகட்டினால் அளவும் சுருங்கும், ஆபத்தும் குறையும். ஆனாலும் கெர்னல் வைத்திருக்கும் சாவிகள் உள்ளேயே இருக்கும்.