பசுமைப் பணியிடத்துக்கு ஊழியர்களை அழைப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பல்கலைக்கழகங்களில் சுற்றுச்சூழல் பொறுப்பைப் புதிதாக ஏற்பவர்களுக்குச் சில ஆண்டுகளாக வழிகாட்டி வருகிறேன். தொடக்கத்தில் நான் செய்த பிழைகளையே அவர்களும் ஏறக்குறைய அதே வரிசையில் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தாளின் இருபுறமும் அச்சிடுவது, வெளியேறும்போது விளக்கை அணைப்பது போன்றவற்றை எல்லோரும் அறிவார்கள் என்பதால் அவற்றை விட்டுவிடுகிறேன்.

அளக்காமல் தொடங்குவது

கட்டடத்தின் கடந்த 12 மாத மின்கணக்கு கைக்கு வரும்வரை எந்த அறிவிப்பும் வெளியிடாதீர்கள்.

ஊழியரின் கையில் இல்லாததை அவரிடம் கேட்பது

இன்றும் என்னை உறுத்திக்கொண்டிருப்பது இந்தத் தவறுதான். வேதியியல் ஆய்வகங்களில் நச்சு ஆவியை உறிஞ்சி வெளியேற்றுவதற்கு, முன்புறம் ஏற்றி இறக்கக்கூடிய கண்ணாடி பொருத்திய பியூம் ஹூட் என்ற பெட்டி இருக்கும். அது ஆவியை மட்டும் வெளியேற்றுவதில்லை. மின்சாரம் செலவழித்துக் குளிரவைத்த அல்லது சூடாக்கிய அறைக்காற்றையும் சேர்த்தே வெளியே தள்ளுகிறது. அந்த இழப்பை ஈடுசெய்ய, வெளியிலிருந்து வரும் காற்றை ஓயாமல் பதப்படுத்திக்கொண்டே இருக்க வேண்டும். எனவே ஆய்வகக் கட்டடங்களின் எரிசக்திச் செலவில் காற்றோட்டம் பெரும்பங்கை எடுத்துக்கொள்கிறது. பயன்படுத்தாத நேரங்களில் இந்தக் கண்ணாடியை இறக்கி வைக்குமாறு ஹார்வர்டு பல்கலைக்கழக வேதியியல் துறை நடத்திய இயக்கம் இத்துறையினர் நன்கறிந்தது. அதைப் படித்த உற்சாகத்தில், நான் பொறுப்பேற்றிருந்த ஓர் ஆய்வகக் கட்டடத்திலும் அதையே தொடங்கினேன்.

ஆறு மாதங்கள் நடத்தினோம். ஒவ்வொரு பெட்டியிலும் நினைவூட்டும் வில்லை ஒட்டினோம். வாரந்தோறும் மாலையில் கணக்கெடுத்தோம். ஆய்வுக் குழுக்களிடையே போட்டியும் வைத்தோம். ஆய்வு மாணவர்களும் ஆய்வக உதவியாளர்களும் மனமுவந்து ஒத்துழைத்தார்கள். கண்ணாடிகள் உண்மையிலேயே மூடியே இருந்தன. ஆனால் மின்கணக்கில் எந்த அசைவும் இல்லை. காரணம் தேடி அலைந்து, இறுதியில் காற்றோட்ட எந்திரங்களைப் பராமரிக்கும் தொழில்நுட்பரிடம் போய் நின்றேன். அந்தக் கட்டடத்திலுள்ள பெட்டிகள் அனைத்தும் எப்போதும் ஒரே அளவு காற்றை இழுக்கும் பழைய வகை என்றும், கண்ணாடியை இறக்கினால் அதற்கு மேலுள்ள திறப்பின் வழியே அதே அளவு காற்று உள்ளே போய்விடும் என்றும், ஆதலால் விசிறியின் உழைப்பு சிறிதும் குறையாது என்றும் அவர் விளக்கினார். தொடங்குவதற்கு முன் நான் கேட்டிருந்தால் அன்றே சொல்லியிருப்பார். நான் அவரைக் கேட்கவே இல்லை.

கண்ணாடியின் உயரத்துக்கேற்பக் காற்றின் அளவைக் குறைத்துக்கொள்ளும் அமைப்பு இருந்தால்தான் அதை மூடுவதால் எரிசக்தி மிச்சமாகும். அங்கே பலன் பெரிது. விசிறியின் மின்தேவை அதன் வேகத்தின் மூன்றாம் படிக்கேற்ப மாறுவதால், வேகத்தை 20 விழுக்காடு குறைத்தாலே கோட்பாட்டளவில் மின்தேவை ஏறத்தாழப் பாதியாகிவிடும். (எந்த வகைப் பெட்டியானாலும், ஆய்வாளரின் பாதுகாப்புக்காகக் கண்ணாடியை இறக்கி வைப்பதே சரி, அந்தக் காரணத்தைச் சொல்லியிருந்தால் என் வேண்டுகோளாவது நேர்மையானதாக இருந்திருக்கும்.)

ஆறு மாத உழைப்பு வீணானதைவிட, நம்பிக்கை போனதுதான் பேரிழப்பு. மறு ஆண்டு இரவு நேரக் காற்றோட்டத்தைக் குறைப்பதற்கு நிர்வாகம் உண்மையாகவே முன்வந்தது. எந்த அறை எந்த நேரத்தில் பயன்பாட்டில் இருக்கும் என்று எழுதித் தருமாறு அதே குழுக்களிடம் கேட்டபோது, விரல்விட்டு எண்ணத்தக்க பதில்களே வந்தன. மூத்த ஆய்வக உதவியாளர் ஒருவர், "இதனாலாவது ஏதேனும் மாறுமா?" என்று கேட்டார். அந்தக் கேள்வி நியாயமானது.

ஆகவே ஊழியர்களிடம் எதைக் கேட்பதற்கு முன்பும் கட்டடப் பராமரிப்புப் பிரிவுக்குச் செல்லுங்கள். இந்தச் செயலால் அளவுமானியில் மாற்றம் தெரியுமா, இதன் கட்டுப்பாடு ஊழியரிடம் இருக்கிறதா அல்லது மையக் கட்டுப்பாட்டறையில் இருக்கிறதா என்று விசாரியுங்கள். மையக் கட்டுப்பாட்டில் இருப்பதை முதலில் நிர்வாகம் சரிசெய்யட்டும். அந்த வேலை நடப்பதை ஊழியர்கள் கண்ணால் கண்ட பிறகு, அவர்களுடைய பங்கைக் கேளுங்கள்.

துப்புரவுப் பணியாளர்களைக் கலந்து பேசாமல் குப்பைத்தொட்டிகளைப் பிரிப்பது

பிரித்த குப்பை ஒரே வண்டியில் கலந்து போவதை ஊழியர்கள் ஒருமுறை பார்த்துவிட்டால் போதும், பிறகு யாரும் பிரிக்கமாட்டார்கள்.

சராசரியைக் காட்டித் தூண்டுவது

துறைவாரியாக மின்பயன்பாட்டை வெளியிட்டு, சராசரியைவிட யார் கூடுதல், யார் குறைவு என்று காட்டுவது புதியவர்களுக்கு மிகவும் பிடித்த உத்தி. கலிஃபோர்னியாவில் ஏறக்குறைய 300 வீடுகளில் நடத்தப்பட்டு 2007இல் வெளியான ஓர் ஆய்வு இதன் மறுபக்கத்தைக் காட்டியது. அக்கம்பக்கத்துச் சராசரியை அறிந்ததும், அதிகம் செலவழித்தவர்கள் குறைத்துக்கொண்டார்கள். ஏற்கெனவே சிக்கனமாக இருந்தவர்களோ தங்கள் பயன்பாட்டைக் கூட்டிக்கொண்டார்கள். அவர்களுடைய சிக்கனத்தைப் பாராட்டும் சிறு புன்னகை முகத்தைச் சேர்த்து அனுப்பியபோது அந்த எதிர்விளைவு மறைந்தது. எனவே எண்ணை மட்டும் தனியாக வெளியிடாதீர்கள். நன்றாகச் செய்யும் துறைக்கு அதைச் சொல்லிப் பாராட்டும் வரி ஒன்றையும் உடன் எழுதுங்கள். ஆய்வகம் நிறைந்த துறையையும் வகுப்பறை மட்டுமுள்ள துறையையும் ஒரே பட்டியலில் வைப்பது அநீதி என்பதையும் மறவாதீர்கள். ஒவ்வொரு துறையையும் அதன் முந்தைய ஆண்டோடு ஒப்பிடுவதே முறை.

நேரம் ஒதுக்காமல் துறைக்கொரு பசுமைப் பொறுப்பாளரை நியமிப்பது

துறைத் தலைவர் வேலை நேரத்திலிருந்து சில மணி நேரத்தை எழுத்துபூர்வமாக ஒதுக்கித் தராவிட்டால், அந்தப் பதவியை உருவாக்கவே வேண்டாம்.

உறைவிப்பான்களில் கை வைப்பது

மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் இயங்கும் ஆய்வக உறைவிப்பானை மைனஸ் 70க்கு மாற்றினால் மின்செலவு கணிசமாகக் குறையும். உள்ளே சேமித்திருக்கும் ஆய்வு மாதிரிகள் பலவற்றுக்கு அந்த வெப்பநிலையே போதுமானது. ஆனால் எந்த மாதிரிக்கு எது போதும் என்பதை அதன் உரிமையாளரான ஆய்வாளர் மட்டுமே முடிவு செய்ய முடியும். அவருடைய எழுத்துபூர்வமான ஒப்புதல் கிடைக்கும்வரை, உள்ளே படிந்த பனியை அகற்றுவதற்கும், யாருக்கும் உரிமையில்லாத பழைய மாதிரிகளைக் கணக்கெடுப்பதற்கும் உதவுங்கள். அந்தக் கணக்கெடுப்பின்போதே ஓர் உறைவிப்பான் முழுவதுமாகத் தேவையற்றுப் போனதை நான் கண்டிருக்கிறேன்.