ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்துப் பழைய உள்ளூர்க் கால்பந்துக் கழகம் எப்போது தொடங்கியது என்று கண்டறிவது எப்படி?

ஆஸ்திரேலிய விதிமுறைக் கால்பந்தின் தொடக்கக் காலத்தில் மெல்பர்னுக்கு வெளியே தோன்றிய கழகமொன்றின் வரலாற்றைத் தேடுபவர், அதன் சின்னத்தில் பொறித்திருக்கும் ஆண்டை முதலில் ஒதுக்கி வைக்க வேண்டும். சில பருவங்கள் ஆடிவிட்டு ஓய்ந்துபோய், பின்னர் அதே பெயரில் மீண்டும் எழுந்த கழகங்கள் உண்டு. அந்த இடைவெளியைச் சின்னம் காட்டாது, அக்காலச் செய்தித்தாள் காட்டும்.

ஆஸ்திரேலியத் தேசிய நூலகத்தின் ட்ரோவ் இணையதளத்தில் அக்காலச் செய்தித்தாள்களைக் கட்டணமின்றிப் படிக்கலாம். மெல்பர்னில் ஒரு கால்பந்துக் கழகம் வேண்டுமென்று டாம் வில்ஸ் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியது 1858 ஜூலையில். விதிகள் எழுதப்பட்டது 1859 மே மாதத்தில். ஆகவே 1858-இலிருந்து தேடலாம். பல்லாரட்டுக்கு 'பல்லாரட் ஸ்டார்', காசில்மெயினுக்கு 'மவுண்ட் அலெக்சாண்டர் மெயில்', ஜீலாங்குக்கு 'ஜீலாங் அட்வர்டைசர்' என அந்தந்த ஊர் இதழை மட்டும் தெரிவு செய்து, ஆட்டப் பருவமான குளிர்காலம் அங்கு நெருங்கும் ஏப்ரல், மே மாதங்களில் தொடங்குவது நல்லது. கழகம் அமைக்கும் கூட்டத்துக்கான அறிவிப்பு பெரும்பாலும் அப்போதுதான் வரும், அதுவும் ஏதேனும் ஒரு 'ஹோட்டலில்' கூடும்படி. அந்த ஹோட்டல் நம்மூர்ச் சிற்றுண்டிச் சாலை அன்று, தங்கும் அறைகளோடு கூடிய மதுக்கூடம்.

ஊர்ப் பெயரிலும் கவனம் தேவை. இன்றைய பெண்டிகோ 1891 வரை அதிகாரபூர்வமாக சாண்ட்ஹர்ஸ்ட் என்றே அழைக்கப்பட்டது. ஆனால் அவ்வூர் நாளிதழோ அப்போதும் 'பெண்டிகோ அட்வர்டைசர்'தான். எனவே இரு பெயர்களையும் இட்டுத் தேட வேண்டும். 'ஃபுட்பால்' என்ற சொல்லும் அக்காலத்தில் சேர்த்தும், பிரித்தும், இடையே சிறு கோடிட்டும் அச்சிடப்பட்டது. தேய்ந்த எழுத்துகளைக் கணினி தவறாகப் படித்திருக்கும் என்பதால், தேடலில் சிக்காத செய்தியும் அந்தப் பக்கத்தில் இருக்கக்கூடும். சனிக்கிழமை ஆட்டமென்றால் திங்கள் இதழின் படத்தைத் திறந்து கண்ணாலேயே பார்த்துவிடுவது மேல்.

பலரும் சறுக்குவது ஆட்ட முடிவுகளைப் படிக்கும்போதுதான். 1860-களில் முதலில் இரண்டு கோல் அடித்த அணியே வென்றது என்பதால், ஒரே ஆட்டம் அடுத்த சனிக்கிழமைக்கும் நீண்டதுண்டு. அதை இரு ஆட்டங்களாக எண்ணிவிடக் கூடாது. பின்னாளில் ஓர் அணி 2 கோல் 9 பிஹைண்டும் (கோல் கம்பங்களுக்குப் பக்கவாட்டில் பந்து செல்வது) எதிரணி 2 கோல் 3 பிஹைண்டும் எடுத்ததாக இருந்தால், கோலுக்கு 6, பிஹைண்டுக்கு 1 புள்ளி என்ற இன்றைய கணக்கில் அது 21-க்கு 15 என்ற வெற்றி. ஆனால் பிஹைண்டுக்குப் புள்ளி தரும் முறை விக்டோரியக் கால்பந்து லீக்கில் 1897-இல்தான் வந்தது என்பதால், அதற்கு முன் அது சமநிலை. ஓர் அணியில் 20 பேரும் மற்றதில் 23 பேரும் ஆடியதாகக் கண்டாலும் அச்சுப்பிழை என்று திருத்த வேண்டாம். வலிமை குறைந்த அணிக்குக் கூடுதல் ஆட்களை அனுமதிப்பது அன்று இயல்பு.

இறுதியாக, வெளியூர் அணியோடு நடந்த ஆட்டமென்றால் இரண்டு ஊர் இதழ்களையும் அருகருகே வைத்துப் படியுங்கள். அவை முரண்படும் இடத்தில், இரு செய்திகளையும் இதழின் பெயர், தேதி, பக்க எண்ணுடன் அப்படியே குறித்துக்கொள்ளுங்கள்.