செல்லைக் கொன்றது பெப்டைடா, உப்பா? மீன் கழிவு ஆய்வில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மீன் கழிவின் புரதத்தை நொதியால் வெட்டி, கிடைக்கும் சிறு துண்டுகள் (பெப்டைடுகள்) புற்றுச்செல்லைக் கொல்கின்றனவா என்று பார்ப்பதே இந்த ஆய்வு. உவரிக் கடற்கரையில் சூரைத் தலையும் குடலும் வாங்கி, சாக்கில் கட்டி, பஸ்ஸில் பாளையங்கோட்டைக்குக் கொண்டுவந்தால் ஆய்வு வழியிலேயே கெட்டுவிடும். சூரையிலும் அயிலையிலும் சூடு ஏற ஏற பாக்டீரியா ஹிஸ்டமின் என்ற நச்சை உண்டாக்கும். பிறகு எவ்வளவு கொதிக்க வைத்தாலும் அது போகாது. குடல் நொதிகளும் புரதத்தைக் கண்டபடி வெட்டியிருக்கும். ஒரு கிலோ கழிவுக்கு ஒரு கிலோ நொறுக்கிய ஐஸ் போட்டு, தலை, தோல், குடலைத் தனித்தனிப் பையில் எடுத்து, அன்றே மைனஸ் 20 டிகிரியில் வையுங்கள். தூத்துக்குடி இறால் கம்பெனியில் தலை, ஓடு வாங்கினால், கறுக்காமலிருக்க மெட்டாபைசல்பைட் என்ற சல்பைட் உப்புக் கரைசலில் முக்கினார்களா என்று கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். மிச்ச சல்பைட்டே செல்லை வதைக்கும்.

புரதத்தை வெட்டப் பயன்படும் ஆல்கலேஸ் நொதிக்கு பிஎச் 8, 50 முதல் 55 டிகிரி, புரத எடையில் 1 முதல் 2 சதவீதம் என்பது வழக்கமான அளவு. வேலை முடிந்ததும் 95 டிகிரியில் 10 நிமிடமாவது வைத்து நொதியை அடக்க வேண்டும். அரைகுறையாக விட்டால், மிஞ்சிய நொதி சோதனைத் தட்டில் ஒட்டியிருக்கும் செல்களைப் பெயர்த்துவிடும். கழுவும்போது அவை போய்விட, "செத்துவிட்டன" என்று முடிவு எழுதப்படும்.

இதைவிடப் பெரிய வில்லங்கம் உப்பு. நொதி வேலை செய்யச் செய்ய பிஎச் இறங்குவதால் சோடியம் ஹைட்ராக்சைடு சொட்டுகிறோம். கடைசியில் ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டுச் சமன் செய்கிறோம். இரண்டும் சேர்ந்தால் சாப்பாட்டு உப்புதான். உறைய வைத்து உலர்த்திய பொடியில் ஐந்தில் ஒரு பங்கு உப்பு என்று வையுங்கள். செல் வளரும் திரவத்தில் மில்லிலிட்டருக்கு 10 மில்லிகிராம் பொடி போட்டால் 2 மில்லிகிராம் உப்பு ஏறும். 300-ஐ ஒட்டி இருக்க வேண்டிய ஆஸ்மொலாலிட்டி (திரவத்தில் கரைந்த துகள்களின் செறிவு, மில்லிஆஸ்மோல் கணக்கில்) 370-ஐ நெருங்கும். புற்றுச்செல்லானாலும் நல்ல செல்லானாலும் அதில் வாடும். 3 கிலோ டால்டனுக்கு (மூலக்கூறு எடையின் அளவு) மேற்பட்டவற்றைத் தடுக்கும் வடிகட்டியில் உப்பும் சிறு பெப்டைடுகளோடு கீழே இறங்கிவிடுவதால், "சிறிய துண்டுதான் வீரியமானது" என்ற முடிவையும் சந்தேகப்பட வேண்டும். உப்பை நீக்கிவிட்டுச் சோதியுங்கள். மீன் மட்டும் இல்லாமல் நொதி, காரம், அமிலம் எல்லாம் சேர்த்து ஒரு வெற்று மாதிரியும் ஓட்டுங்கள்.

உயிருள்ள செல்கள் சாயத்தை ஊதாவாக மாற்றுவதை அளக்கும் எம்டிடி சோதனையில் செல் இல்லாத குழியிலும் பொடியைப் போட்டுப் பாருங்கள். சில மாதிரிகள் தாமாகவே ஊதா நிறம் காட்டும். இயல்பான மனித செல்லில் சோதிக்காமல் புற்றுநோய் எதிர்ப்பு என்று தலைப்பு வைக்கவே கூடாது.

மீன் கொலாஜன் பொடி புற்றைக் கரைக்கும் என்று வாட்ஸ்ஆப்பில் வருவது இன்னொரு தவறு. வாயால் உண்டதைப் பெப்சினும் டிரிப்சினும் வெட்டிவிடும். பிளிடிடெப்சின் என்ற கடல் மருந்தை ஆஸ்திரேலியா 2018-ல் மைலோமா என்ற ரத்தப் புற்றுநோய்க்கு அனுமதித்தது உண்மை. ஆனால் அது கடற்பீச்சி என்ற கடல் உயிரியில் கண்டெடுத்து, ஆலையில் தயாரித்து, ரத்தநாளம் வழியே ஏற்றுவது. மீன் கழிவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. பொடியை நம்பி கீமோவைத் தள்ளிப்போட வேண்டாம். இறால் ஒத்துக்கொள்ளாதவர்கள் இறால் ஓட்டுப் பொடியைத் தொடவே வேண்டாம். நொதி வெட்டிய பிறகும் ஒவ்வாமைப் புரதத்தின் துண்டுகள் அதில் மிஞ்சலாம்.